ஏற்காடு ஏறும்போது சிவப்பு ஆயில் லைட் ஏன் மினுக்குகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் ஓடிய பெட்ரோல் கார். ஐந்து பேர் ஏறி ஏற்காடு போயிருக்கிறீர்கள். பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவு வாக்கில் சிவப்பு ஆயில் லைட் ஒரு நொடி எரிந்து அணைந்திருக்கிறது. மேலே ஒண்டிக்கடை பக்கம் நெரிசலில் வண்டி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில்) நின்றபோது மறுபடியும் மினுக்கியிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்ததும் போய்விட்டது. கீழே வந்ததும் ஒருவர் சென்சார் கோளாறு என்றார். இன்னொருவர் 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார். இன்ஜினுக்குள் ஆயில் எப்படித்தான் சுற்றுகிறது, அந்த லைட் எதைக் காட்டுகிறது, இனி இந்த வண்டியில் மலை ஏறலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் சேலத்தில் இன்ஜின் ரீகண்டிஷனிங் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். டிப்ளமோவில் படித்தது கொஞ்சம், பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது மிச்சம். வண்டியைப் பார்க்காமல் உங்கள் கோளாறு இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயில் போகும் வழி எல்லாக் கார்களிலும் ஏறக்குறைய ஒன்றே. அந்த வழியைத் தெரிந்துகொண்டால் எங்கே சந்தேகப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்பது உங்களுக்கே பிடிபடும். உங்கள் லைட் இரண்டு தடவை எரிந்ததற்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் அவை இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு சமாச்சாரம்.

இன்ஜினின் அடியில் தொங்கும் தட்டுதான் சம்ப். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பலர் சேம்பர் என்பார்கள். சின்ன காரில் அதில் 3 முதல் 3.5 லிட்டர் ஆயில் நிற்கும். அந்த ஆயிலுக்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும். அதன் வாயில் கம்பி வலை போட்ட ஸ்ட்ரெய்னர், சம்ப்பின் தரைக்குச் சற்று மேலே இருக்கும். இந்தக் குழாய் வழியாக ஆயில் பம்ப் இழுக்கிறது. பம்ப், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றுவதால், இன்ஜின் வேகம் கூடினால் பம்ப்பும் கூடுதலாகத் தள்ளும், ஐடிலில் குறைவாகத் தள்ளும். அளவுக்கு மீறி அழுத்தம் ஏறாமல் இருக்க ஸ்பிரிங் வைத்த ஒரு ரிலீஃப் வால்வ் உண்டு. பெரும்பாலும் 4, 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வந்ததும் அது திறந்து மிச்ச ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பம்பைத் தாண்டியதும் ஃபில்டர். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இன்ஜின் காய்ந்துபோகக் கூடாது என்பதற்காக அதில் ஒரு பைபாஸ் வால்வ் இருக்கும். வடிகட்டாத ஆயிலாவது போகட்டும், ஆயிலே போகாமல் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு. இதிலிருந்தே ஆயில் நின்றால் என்ன ஆகும் என்று பயந்து பயந்து இன்ஜினை வடிவமைத்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

ஃபில்டரிலிருந்து பிளாக்கின் நீளத்துக்கும் ஓடும் மெயின் கேலரி என்ற ஆயில் வழிக்கு வரும். அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் ஒரு துளை. மெயின் பேரிங்கில் சேரும் ஆயில், கிராங்க் ஷாஃப்ட்டுக்குள்ளேயே குறுக்காகத் துளைத்த வழியாகப் போய், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்ட் பேரிங்கில் வெளியேறும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் அடிப்பக்கத்துக்கும், பிக் எண்டிலிருந்து தெறிப்பதோ தனி ஜெட் பீச்சுவதோ போய்ச் சேரும். இன்னொரு கிளை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏறி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், டைமிங் செயின் டென்ஷனர், ஹைட்ராலிக் டேப்பெட் இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் கொடுக்கும். வேலை முடிந்த ஆயிலைக் கீழே கொண்டுவர எந்தப் பம்ப்பும் இல்லை. ஹெட்டில் உள்ள வடிகால் துளைகள் வழியாகத் தன் எடையால் வழிந்துதான் சம்ப்புக்கு வர வேண்டும். ஓடும்போது மொத்த ஆயிலும் நிமிடத்துக்குப் பல முறை இப்படிச் சுற்றிவருகிறது. அதனால் ஓடுகிற இன்ஜினில் கணிசமான ஆயில் எப்போதும் மேலேயும் வழியிலுமாகத்தான் இருக்கும், சம்ப்பில் நிற்பது, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப் ஸ்டிக் காட்டுவதைவிடக் குறைவு. நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

இப்போது அழுத்தத்துக்கு வருகிறேன். இதைத்தான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கிராங்க் ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடிப்பது ஆயில் பம்ப்பின் அழுத்தம் இல்லை. பம்ப் கொடுக்கும் 3, 4 பார், பிஸ்டன் மேல் விழும் வெடிப்பின் முன்னால் ஒன்றுமே இல்லை. 1883-ல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் ரயில் அச்சின் பேரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். பேரிங்கின் தலையில் ஆயில் ஊற்ற ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது உள்ளே போக வேண்டிய ஆயில் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தால், பேரிங் மேல் ஏற்றியிருந்த சுமையின் சராசரி அழுத்தத்தைவிட மிக அதிகம் காட்டியது. மூன்று வருடம் கழித்து, 1886-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் ஷாஃப்ட் தன்னோடு ஒட்டிய ஆயிலை இழுத்துக்கொண்டு போய்க் குறுகலான இடைவெளிக்குள் திணிக்கிறது. திணிக்கப்பட்ட ஆயில் ஒரு படலமாகி ஷாஃப்ட்டைத் தூக்குகிறது. இன்றைய கார் இன்ஜினின் பிக் எண்டில் இந்தப் படலத்துக்குள் எழும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். ஆனால் படலத்தின் கனமோ, சுமை உச்சத்தில் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது 1 மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் பம்ப் எதற்கு? பேரிங்கின் இரு ஓரத்திலும் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுகுவதை ஈடுகட்ட ஓயாமல் ஊட்ட வேண்டும், அந்த ஆயிலோடு சூடும் வெளியேற வேண்டும். அதுதான் பம்ப்பின் வேலை. பம்ப் கொடுப்பது ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு இன்ஜினின் இடுக்குகள் கொடுக்கும் தடைதான் அழுத்தமாகத் தெரிகிறது. டேஷ்போர்டு லைட்டுக்கு வயர் போகும் ஸ்விட்ச் கேலரியில் ஓர் இடத்தில் திருகியிருக்கும். பெரும்பாலான கார்களில் அங்கே அழுத்தம் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் அது லைட்டை எரியவிடும். சூடான இன்ஜின் ஐடிலில் 1 பார் வாக்கில் இருப்பது ஆரோக்கியம். அதாவது சிவப்பு லைட் முன்னெச்சரிக்கை என்று நினைக்காதீர்கள். அது எரியும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறும் இடத்துக்கு வந்துவிட்டது. இன்னொன்று, சிவப்பு ஆயில் கேன் படம் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை. அளவுக்கு என்று மஞ்சள் லைட் வைத்த கார்கள் உண்டு, எல்லாக் காரிலும் இல்லை.

ஐடிலில் மினுக்கியதை முதலில் எடுத்துக்கொள்வோம். 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் மிஞ்சும். அடிவாரத்திலிருந்து இருபது வளைவும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறிவந்த இன்ஜினில் ஆயில் அந்தச் சூட்டையும் தாண்டியிருக்கும். சாலையில் வண்டி மெதுவாகப் போவதால் சம்ப்பில் படும் காற்றும் குறைவு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் இழுவையை இழக்கும், அதை ஈடுகட்ட நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள். இப்படி ஆயில் மெலிந்து நிற்கும்போது, பம்ப்பும் மெதுவாகச் சுற்றும் ஐடிலில் அழுத்தம் குறைவது இயற்கை. புது இன்ஜினில் அது 1 பாரில் நின்றுவிடும். பேரிங் தேய்ந்த இன்ஜினில் நிற்காது. பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே வைப்பது 0.02 முதல் 0.05 மி.மீ. இடைவெளி. இந்த இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகும். குறுகிய இடுக்கில் திரவம் ஓடும் கணக்கு அப்படி. கொஞ்சம் தேய்ந்தாலே ஐடில் அழுத்தம் சரிவதற்கு இதுதான் காரணம். லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் உங்கள் லைட் அணைந்தது இதோடு ஒத்துப்போகிறது.

வளைவில் எரிந்தது அப்படிப்பட்டதில்லை என்று நினைக்கிறேன். அப்போது உங்கள் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். வளைவுக்காக வேகத்தைக் குறைத்து இன்ஜின் கிட்டத்தட்ட ஐடிலுக்கு வந்த கணம் என்றால், மேலே சொன்ன காரணமே போதும். மாறாக, 2500, 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) இழுத்துக்கொண்டிருக்கும்போது எரிந்தது என்றால் விஷயம் வேறு. அந்த வேகத்தில் தேய்ந்த இன்ஜினில்கூட லைட் எரியும் அளவுக்கு அழுத்தம் விழாது. ஸ்ட்ரெய்னர் காற்றை இழுத்திருந்தால் விழும். கிணற்றில் தண்ணீர் இறங்கி ஃபுட் வால்வ் வெளியே தெரிந்துவிட்டால் மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் குழாயில் காற்றுதான் வரும் அல்லவா, அதேதான். கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சம்ப்பில் ஆயிலின் மட்டம் சுமார் 17 டிகிரி சாயும். சம்ப்பின் அகலம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 4 செ.மீ.-க்கு மேல் இறங்கும். வளைவின் உள்பக்கத்தில் சாலையின் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும். இதற்காகத்தான் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள், ஆயில் சரியான அளவில் இருந்தால் சாதாரணமாக எந்தக் காரும் ஏற்காட்டு வளைவில் காற்றை இழுக்காது. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலும் 1 லிட்டர் வித்தியாசம். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்த வண்டி சேலம் ஊருக்குள் ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் ஒரு குறையும் காட்டாமல் ஓடும், மலையில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை டிப் ஸ்டிக். ஏற்காட்டில் சமதரை தேடாதீர்கள், வீட்டு வாசலில் காலையில் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் வளைவில் எரிந்ததற்குக் காரணம் அநேகமாகக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஆயில் எங்கே போனது என்ற கேள்வி பாக்கி இருக்கும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் வந்து, அடிவாரம் நெருங்கி முதல் தடவை ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை ஒரு கொத்து வந்தால், வால்வ் சீல் காய்ந்திருக்கிறது. கால் எடுத்த நிலையில் இன்ஜின் உள்ளே கடுமையான வெற்றிடம் உண்டாகி, வால்வ் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சுவதால் வரும் புகை அது. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படலாம். புகையே இல்லாமல் குறைந்தால் வண்டி நிற்கும் தரையைப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் வளைவில் எரிந்திருந்தால் நான் அடுத்து நினைப்பது ஸ்ட்ரெய்னர். மலைக்கு அடிக்கடி போய்வரும் ஒரு டாக்ஸியின் சம்ப்பைக் கழற்றியபோது பார்த்ததைச் சொல்கிறேன். தட்டின் அடியில் கருப்பு கிரீஸ் மாதிரி கசடு ஒரு விரல் அகலத்துக்குப் படிந்திருந்தது. ஸ்ட்ரெய்னர் வலையில் முக்கால் பாகம் மூடியிருந்தது. வலையில் சிக்கியிருந்தது வெறும் கசடு இல்லை. முன்பு எப்போதோ சம்ப்பை ஒட்டியபோது தாராளமாகத் தடவிய சிலிக்கான் பேஸ்ட், உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து நூல் நூலாக வலையைப் பின்னியிருந்தது. நகத்தால் கிள்ளினால் ரப்பர் மாதிரி நீண்டது. பிக் எண்ட் மூடியைத் திறந்தால் பேரிங்கின் மங்கலான சாம்பல் மேற்பூச்சு நடுப்பகுதியில் போய், உள்ளே இருக்கும் செம்பு நிறம் தெரிந்தது. கிராங்க்கில் நகத்தை ஓட்டினால் கோடு தட்டியது. அந்த நிலைக்கு வந்த கிராங்க்கைக் கிரைண்டிங் செய்து, குறைந்த அந்த அளவுக்குப் பொருந்தும் அண்டர்சைஸ் பேரிங் போடாமல் விட முடியாது. சம்ப் ஒட்டும்போது பேஸ்ட்டை மெல்லிய ஒரே கோடாக விடச் சொல்லி நானே பக்கத்தில் நின்று பார்ப்பேன், வண்டிக்காரர்களும் கேட்டுப் பழக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சென்சார் என்று சொன்னவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஸ்விட்ச் மலிவான பொருள், உள்ளே ஆயில் கசிந்து கனெக்டருக்குள் வந்தால் தப்பாகக் காட்டும். ஆனால் பழுதான ஸ்விட்ச் சூட்டையும் ஆர்பிஎம்மையும் பார்த்து எரிவது அபூர்வம். ஸ்விட்ச்சை மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பதற்கு முன்னால், கழற்றிய அதே துளையில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் ஒன்றைத் திருகிப் பாருங்கள். எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் அது இருக்கும், அரை மணி நேர வேலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால் ஆயில் கெட்டியாக இருப்பதால் எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜினாகத்தான் தெரியும்.

20டபிள்யூ-50 யோசனை எனக்குச் சம்மதமில்லை. அதை ஊற்றினால் லைட் அநேகமாக அணையும். கெட்டி ஆயில் தேய்ந்த இடுக்கில் மெதுவாக ஒழுகும், அழுத்தம் ஏறும். ஆனால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் கெட்டி ஆயிலை உறிஞ்சுவது பம்ப்புக்கு இன்னும் கஷ்டம். மார்கழிக் காலையில் ஏற்காட்டு லாட்ஜ் வாசலில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் ஹெட்டுக்குப் போய்ச் சேர நேரமாகும், தேய்மானம் அதிகம் நடப்பதே அந்த முதல் சில நொடிகளில்தான். ஆயில் அழுத்தத்தால் வேலை செய்யும் வால்வ் டைமிங் உள்ள இன்ஜின் என்றால் அதுவும் மந்தமாகும். வண்டியின் மேனுவலில் கோடைக்கு என்று ஒரு படி கெட்டியான கிரேடை அனுமதித்திருந்தால், கிரேடின் கடைசி எண்ணில் 30-க்குப் பதில் 40 போடலாம், தப்பில்லை. அதற்கு மேல் போவது, நோயைக் கண்டுபிடிக்க உதவும் ஒரே அறிகுறியை அழிப்பது.

வழியில் மறுபடி எரிந்தால் என்ன செய்வது? ஒரு நொடி மினுக்கி அணைந்தால், அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, டயருக்குக் கல் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஆயில் பாருங்கள். சரிவில் டிப் ஸ்டிக் துல்லியமாகக் காட்டாது, ஆனால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை என்றால் அதற்கு மேல் சந்தேகம் வேண்டாம். அரை லிட்டர் டப்பா ஒன்று டிக்கியில் இருப்பது நல்லது. லைட் அணையாமல் நின்று எரிந்தாலோ, கூடவே இன்ஜினில் டக் டக் என்று சத்தம் கேட்டாலோ அடுத்த வளைவு வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். படலம் அறுந்த பேரிங் உருகிப் பிடிப்பதற்கு நிமிடக் கணக்கே போதும். இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் தானாகவே நின்றுவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்குச் செலவாகும். கியரில் வரும்போது பம்ப் நல்ல வேகத்தில் சுற்றி ஆயில் ஊட்டிக்கொண்டும் இருக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்கினால் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும், இருபது வளைவு உள்ள சாலையில் அது உயிரோடு விளையாடுவது.

மலை ஏறலாமா என்பதற்கு என் பதில், கேஜ் போட்டுப் பார்க்கும்வரை வேண்டாம். உள்ளூரில் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டலாம். ஆயில் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. நினைவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொண்டு, மேனுவல் சொல்லும் கிரேடில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டுச் சோதனைக்குப் போங்கள். சூடான ஐடிலில் எத்தனை பார், 2000 ஆர்பிஎம்மில் எத்தனை பார் என்ற இரண்டு எண்களையும், இன்ஜினின் மாடலையும் இங்கே எழுதுங்கள். ஐடிலில் மட்டும் குறைந்து மேலே சரியாக ஏறினால் பேரிங் பக்கமும், இரண்டிலும் குறைவாக இருந்தால் பம்ப், ரிலீஃப் வால்வ், ஸ்ட்ரெய்னர் பக்கமும் தேடலாம். எப்படியும் இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் சம்ப்பை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.